செகண்ட் லைன் பீச்: பங்கு விற்றவர்களின் தெரு

ராஜாஜி சாலையில் பர்மா பஜாரையும் தலைமைத் தபால் நிலையத்தையும் பார்த்துக்கொண்டு போகிறவர்கள், ஒரு தெரு மேற்கே தள்ளி இருக்கும் செகண்ட் லைன் பீச்சைக் கவனிப்பதில்லை. துறைமுகம் எழுவதற்கு முன்பு ராஜாஜி சாலையின் ஓரம்வரை கடல் வந்துகொண்டிருந்தது. அந்தக் கரையில் முதல் வரிசைக் கட்டடங்கள் நின்றன. அடுத்த வரிசை இந்தத் தெரு. அதையும் தாண்டினால் லிங்கிச் செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெரு, அரண்மனைக்காரன் தெரு. சென்னை 600001, துறைமுகம் சட்டமன்றத் தொகுதி.

நான் பிறந்து வளர்ந்தது தம்புச் செட்டித் தெருவில். எங்கள் பக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் காளிகாம்பாள் கோயிலையும் ஆர்மீனியர்களின் தேவாலயத்தையும் உயர்நீதிமன்றக் கோபுரங்களையும் எழுதுவார்கள். கொத்தவால் சாவடி 1996-இல் கோயம்பேட்டுக்குப் போன கதையையும் எழுதிவிட்டார்கள். காய்கறிச் சந்தையாவது ஊருக்குள்ளேயே இடம் மாறியது. இன்னொரு சந்தை ஊரைவிட்டே போனது. செகண்ட் லைன் பீச்சின் பதினோராம் எண் கட்டடத்தில் இயங்கிய சென்னைப் பங்குச் சந்தைதான் அது; அதை நம்பிப் பங்கு விற்றுப் பிழைத்த ஒரு பெரிய கூட்டமும் அதோடு போனது. அதை யாரும் எழுதவில்லை.

பணம் புழங்கிய பழைய இடம் இது. 1788-இல் தாமஸ் பாரி தொடங்கிய வணிகத்தின் பெயரைத்தான் பாரிமுனை இன்றும் சுமக்கிறது. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி, அதை நம்பிப் பணம் போட்ட குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அந்த அடியிலிருந்துதான் மறு ஆண்டே வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முதலானோர் முயற்சியில் இந்தியன் வங்கி பிறந்தது. பிறர் பணத்தைக் கையாளுகிறவன் எப்படி இருக்கவேண்டும் என்ற பாடத்தை இந்தத் தெருக்கள் அப்போதே படித்துவிட்டன.

சென்னையில் முதல் பங்குச் சந்தை 1920-இல் தொடங்கியது. அப்போது உறுப்பினர்கள் 100 பேர். தொடக்கச் சூடு தணிந்ததும் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, 1923-இல் எஞ்சியவர்கள் மூன்றே பேர், சந்தை மூடப்பட்டது. முப்பதுகளின் நடுவில் தென்னாட்டில் பஞ்சாலைகளும் தேயிலை, ரப்பர்த் தோட்டக் கம்பெனிகளும் பெருகியபோது மறுபடி தேவை வந்தது. 1937-இல் மீண்டும் ஒரு சந்தை அமைந்து, 1957-இல் மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் லிமிடெட் என்று பெயர் பெற்றது.

ரிங் என்று எல்லோரும் சொன்ன அந்தக் கூடத்தில் விலை கூவித்தான் வியாபாரம். உறுப்பினரும், அவர் சார்பில் உள்ளே போக அனுமதி பெற்ற ஆத்தரைஸ்டு கிளார்க்கும் நிற்பார்கள். வெளியே படிக்கட்டிலும் எதிர்ப்பக்க டீக்கடையிலும் சப்-புரோக்கர்கள். இ.ஐ.டி. பாரி, டி.ஐ., அசோக் லேலண்ட், மெட்ராஸ் சிமென்ட்ஸ், இந்தியா சிமென்ட்ஸ், லட்சுமி மில்ஸ், சக்தி சுகர்ஸ், ஸ்பிக், எம்.ஆர்.எஃப். என்று நம் கண்ணெதிரே புகை விட்ட ஆலைகளின் பெயர்கள்தான் அங்கே ஒலித்தன. எந்த ஆலையில் வேலைநிறுத்தம், எந்தக் குடும்பத்தில் பாகப்பிரிவினை, எந்தக் கம்பெனி போனஸ் பங்கு தரப்போகிறது என்பதெல்லாம் பம்பாய்க்குப் போய்ச் சேரும் முன்பே இந்த டீக்கடைக்கு வந்துவிடும்.

பங்கு விற்பது அன்று ஒரு கைவினை. ஷேர் சர்ட்டிபிகேட் காகிதமாக இருந்த காலம். கூடவே டிரான்ஸ்பர் டீட் வேண்டும். அதில் முத்திரைவில்லை ஒட்டவேண்டும். விற்றவரின் கையெழுத்து கம்பெனியிடம் உள்ள மாதிரியோடு பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் 'பேட் டெலிவரி' என்று திரும்பி வரும். மயிலாப்பூரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது என்பதை அறிந்து, அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "நிதானமாப் போடுங்க சார், அவசரமில்லை" என்று சொல்லிக் கையெழுத்து வாங்குகிறவன்தான் நல்ல தரகன். சவுகார்பேட்டை சேட்டிடம் இந்தியில் பேரம் பேசுவான். மண்ணடி மண்டிக்காரரிடம், "அண்ணாச்சி, இந்த விலைக்கு இது வேண்டாம், அடுத்த வாரம் பாக்கலாம்" என்று மறுத்தும் சொல்வான். அப்படி மறுத்ததால் அன்றைய தரகு போகும். ஆனால் அவர் மகன் திருமணத்துக்குப் பணம் திரட்டும்போது வேறு யாரிடமும் போகமாட்டார்.

புதிய வெளியீடு வந்தால் தெருவே திருவிழாக் கோலம். நடைபாதையில் விண்ணப்பப் படிவங்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். படிவத்தில் எந்தத் தரகரின் ரப்பர் முத்திரை இருக்கிறதோ அவருக்குக் கமிஷன். அந்த முத்திரையைக் குத்திய படிவங்களைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் பெரம்பூர் ரயில்வே குடியிருப்புக்கும் ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்புக்கும் போன பையன்களை எனக்குத் தெரியும். கல்லூரிக் கட்டணத்தை அப்படித்தான் கட்டினார்கள்.

அந்தத் தெருவின் பெருமையாக நான் நினைப்பது இதைத்தான்: ஒருவன் வாழ்க்கையில் ஏறவேண்டிய எல்லாப் படியும் நடந்துபோகும் தூரத்துக்குள் இருந்தது. பத்தாம் வகுப்பு முடித்து, கான்ட்ராக்ட் நோட் கொண்டுபோய்க் கொடுக்கும் எடுபிடியாகச் சேர்வான். கணக்கு எழுதக் கற்று குமாஸ்தா ஆவான். ரிங்குக்குள் போகும் கிளார்க் ஆவான். தனக்கென்று வாடிக்கை சேர்த்து சப்-புரோக்கர் ஆவான். கையில் பணமும் பெயரும் சேர்ந்தால், உறுப்பினர் அட்டைக்கே ஆசைப்படலாம். அடுத்த படிக்காக யாரும் பெட்டி கட்டவேண்டியதில்லை. எல்லோரும் ஏறினார்கள் என்று சொல்ல வரவில்லை. ஏமாற்றியவர்களும் இருந்தார்கள், கடனில் மூழ்கி ஊரைவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். பெண்களுக்கு அந்தப் படிகளில் இடமே கொடுக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் படிகள் இங்கே இருந்தன.

அவை இங்கே இருந்ததற்குச் சட்டமும் தூரமும் துணை நின்றன. ஒரு கம்பெனியின் பதிவு அலுவலகம் எந்த வட்டாரத்தில் இருக்கிறதோ, அந்த வட்டாரச் சந்தையில் அதன் பங்குகள் பட்டியலிடப்படவேண்டும் என்று விதி இருந்தது. அதனால் தமிழ்நாட்டுக் கம்பெனிக்குச் சென்னையிலோ, பின்னாளில் சந்தை பெற்ற கோயம்புத்தூரிலோ வேலை இருந்தது. பம்பாய் விலையும் சென்னை விலையும் சற்று வேறுபடும்; தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு அந்த வித்தியாசத்திலேயே பிழைத்தவர்கள் உண்டு. சந்தைக்குச் சந்தை கணக்கு முடிக்கும் நாளும் வேறு. ஊர் தள்ளி இருப்பதே வருமானமாக இருந்தது.

அந்தத் தூரத்தை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். 1994-இல் தேசியப் பங்குச் சந்தை திரை வழி வணிகத்தைத் தொடங்கியது. செயற்கைக்கோள் தட்டு வைத்த எந்த ஊரிலும் ஒரே விலை. 1996-இல் டெபாசிட்டரிகள் சட்டம் வந்தது. காகிதமும் கையெழுத்தும் முத்திரைவில்லையும் போயின. 2001 ஜூலையில் எல்லாச் சந்தைக்கும் ஒரே கணக்கு முறை புகுத்தப்பட்டது. 2003-இல் வட்டாரச் சந்தையில் இருந்தே தீரவேண்டும் என்ற கட்டாயமும் போனது. ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய் வணிகம் இல்லாத சந்தை வெளியேறவேண்டும் என்று 2012-இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி சொன்னபோது, எங்கள் ரிங் வெறிச்சோடிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கோவைச் சந்தை 2013-இல் விலகியது. சென்னைச் சந்தை 2015-இல்.

முதலீட்டாளருக்கு இதனால் நன்மை என்பதை மறுக்கமாட்டேன். பேட் டெலிவரியில் பென்ஷன் பணத்தைத் தொலைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஆனால் விற்றவனின் பக்கம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. குறைந்தது கூலி மட்டுமல்ல. கூலி நிர்ணயிக்கும் இடமே மாறியது. மியூச்சுவல் ஃபண்டுகள், காப்பீட்டு நிறுவனங்கள், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் ஆகியோரின் பெரும்பணத்துக்கு முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் மும்பையில், நரிமன் பாயிண்ட்டிலோ பாந்த்ரா-குர்லா வளாகத்திலோ இருக்கிறார்கள். ஒரே அழைப்பில் பல கோடிக்கு வணிகம் பேசும் விற்பனையாளனும் அவர்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கவேண்டும். பெரிய சம்பளமும் ஆண்டு போனஸும் அங்கே. சென்னைக்கு மிஞ்சியது சில்லறை வாடிக்கை.

அந்தச் சில்லறையிலும் என்ன மிச்சம்? ஒரு லட்ச ரூபாய்ப் பங்குக்கு ஒரு சதவீதம் தரகு என்றால் 1,000 ரூபாய். 2010-இல் பெங்களூரில் ஜெரோதா என்ற தள்ளுபடித் தரகு நிறுவனம் தொடங்கி, இன்று ஓர் ஆர்டருக்கு 20 ரூபாய் என்பது நாடெங்கும் பழகிவிட்டது. அந்த 20 ரூபாயில் தம்புச் செட்டித் தெருக்காரனுக்குப் பங்கு கிடையாது. அதைக் கொண்டு வேலைக்கு எடுக்கப்படுகிறவர்கள் பெங்களூரில் மென்பொருள் எழுதுகிறார்கள். 2019 மார்ச்சோடு சப்-புரோக்கர் என்ற பதிவே ஒழிந்து, எங்கள் பழைய ஆட்கள் ஏதோ ஒரு வெளியூர் நிறுவனத்தின் 'ஆத்தரைஸ்டு பர்சன்' ஆனார்கள்.

மியூச்சுவல் ஃபண்ட் விற்கப் போனவர்களை ஊரே இன்னொரு விதத்தில் அடித்தது. 2012-இல் முதல் 15 நகரங்களுக்கு வெளியிலிருந்து வரும் முதலீட்டுக்குக் கூடுதல் செலவுத் தொகையைச் செபி அனுமதித்தது. 2018-இல் அந்த வரம்பு முதல் 30 நகரங்கள் என்றானது. நல்ல நோக்கம்தான். விருதுநகரிலும் திண்டுக்கல்லிலும் விற்றவருக்கு அதனால் கமிஷன் கூடியது. முறைகேடு நடக்கிறது என்று 2023-இல் அதை நிறுத்திவைக்கும்வரை, சென்னையில் விற்றவன் பெருநகரத்தான் என்று அந்தச் சலுகைக்கு வெளியே நின்றான். சம்பளத்தில் மும்பைக்காரன் ஆகவும் முடியவில்லை. சலுகையில் சிற்றூர்க்காரன் ஆகவும் விடவில்லை.

இத்தனைக்கும் நாட்டின் மியூச்சுவல் ஃபண்ட் சொத்தில் பெரும்பகுதிக்குக் கணக்கு வைத்திருக்கும் கேம்ஸ் நிறுவனம் சென்னையில் இருக்கிறது. கணக்கு இங்கே, விற்பனைத் தலைமை அங்கே. சென்னையில் 2001-இல் தொடங்கி நிறுவன முதலீட்டாளர்களுக்கே பங்கு விற்கும் அளவுக்கு வளர்ந்த ஸ்பார்க் கேபிட்டலின் அந்தப் பிரிவும் கடைசியில் மும்பையின் அவெண்டஸ் கைக்குப் போனது.

இன்று எங்கள் தெருப் பையன்கள் பட்டம் முடித்து, பங்குச் சந்தைத் தகுதிக்கான நிஸ்ம் தேர்வும் எழுதி, அண்ணா நகரிலோ தி. நகரிலோ ஒரு கிளையில் 'ரிலேஷன்ஷிப் மேனேஜர்' என்ற அட்டையோடு சேர்கிறார்கள். அடிப்படைச் சம்பளம் சிறிது. வாங்குகிற சம்பளத்தைப் போல் பல மடங்கு தரகு வருமானம் கொண்டுவந்தால்தான் ஊக்கத்தொகை. இலக்கு மும்பையில் எழுதப்படுகிறது. வங்கி வைப்பும் தங்கமும் போதும் என்று இருக்கும் சென்னைக் குடும்பத்தைப் பங்குக்கு இழுக்க எவ்வளவு காலம் ஆகும் என்பது அந்த இலக்கை எழுதுகிறவருக்குத் தெரியாது. அந்த அவசரத்தில்தான் ஓய்வுபெற்ற சாருக்கு ஆப்ஷன் வணிகத்தைத் தலையில் கட்டுகிறார்கள். வட்டார மேலாளர் பதவிக்கு மேல் போகவேண்டுமென்றால் மும்பைக்கு மாறச் சொல்கிறார்கள். வயதான பெற்றோர் இருக்கிறவன், வேலை பார்க்கும் மனைவி இருக்கிறவன், எல்லோரையும்விட அதிகமாக, குழந்தை உள்ள பெண், அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அவர்களின் திறமைக் குறைவு என்று அதற்குப் பெயர் வைப்பது அநியாயம்.

நந்தம்பாக்கத்தில் நிதிநுட்ப நகரம் எழுப்புகிறார்கள். அங்கே மென்பொருளும் பின்னலுவலகமும் வரும் என்கிறார்கள். முதலீட்டு முடிவு எடுக்கிறவர்களும் அவர்களிடம் விற்கிறவர்களும் வருவார்களா என்று அரசு கேட்கவேண்டும். இந்த மாநிலத்தில் பிறந்த நிதி நிறுவனங்கள் தங்கள் விற்பனைத் தலைமைப் பதவிகளில் சிலவற்றையாவது இங்கிருந்தே நிரப்பலாம். செகண்ட் லைன் பீச்சில் நடைபாதையை அடைத்து நிற்கும் இருசக்கர வண்டிகளை அகற்றி, இங்கே ஒரு சந்தை இருந்தது என்று மாநகராட்சி ஒரு பலகை வைக்கலாம்.

இன்னொன்று பெரிய செலவில்லாமல் உடனே செய்யக்கூடியது. மியூசிக் அகாடமியிலும் நாரத கான சபாவிலும் காமராஜர் அரங்கிலும் கம்பெனிகள் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்திய காலத்தில், தரகனும் பங்குதாரரும் நிர்வாக இயக்குநரும் ஒரே கூடத்தில் நின்றார்கள். இளம் விற்பனையாளனுக்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் இல்லை. 2020-இல் தொற்றுக்காகக் காணொலிக்குப் போன பல கம்பெனிகள் தொற்று முடிந்தும் திரும்பவில்லை. சென்னையில் பதிவு அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனிகள் அடுத்த ஆண்டுக் கூட்டத்தை மண்டபம் பிடித்து நடத்தட்டும்.