மிச்சம் யாருக்கு?

எங்க சேரி இரவுப் பள்ளிக்காக ஏழு பேர் சேர்ந்து, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி சங்கம் பதிந்தோம். பறையடிக்கக் கூப்பிட்ட இடங்களில் கூலி பேசி வாங்கினோம். செலவு போக மிச்சம் நின்றது.

"சேவைன்னு போர்டு மாட்டிட்டு லாபமா பாக்குறீங்க?" என்றார் ஊர்க்காரர் ஒருவர். எனக்கே சுருக்கென்றது. ஆடிட்டரிடம் ஓடினேன்.

"மிச்சம் வரலாம்யா. உறுப்பினருங்க பங்கு போட்டுக்கத்தான் கூடாது. பாடம் நடத்துறவருக்கு நியாயமான சம்பளம் குடுக்கலாம். வரிவிலக்கு வேணும்னா வருமானத்துல 85 சதவீதமாவது நோக்கத்துக்குச் செலவாகணும்."

என் அப்பா ஊர்ச் சாவுக்கெல்லாம் கூலியில்லாமல் பறையடித்தவர். நாங்கள் சும்மா உழைத்தால்தான் ஊருக்கு அது சேவை.

மிச்சத்தில் நோட்டும் விளக்கும் வாங்கினோம். வாத்தியாருக்கு முதல்முறையாகச் சம்பளம் கொடுத்தோம். வரவு செலவை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். யாரும் வந்து படிக்கலாம்.