வைத்தீசுவரன் கோயிலில் கையெழுத்தும் தலையெழுத்தும்

"கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காது" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். என் பெரிய பெண்ணுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வருகிற வரன் எல்லாம் தட்டிப் போகிற எரிச்சலில், "எல்லாம் உன் தலையெழுத்துடி!" என்று ஒருநாள் அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவள் பதில் பேசவில்லை. பெண் பார்க்க வந்தவர்களுக்காகக் கட்டியிருந்த புடவையை மடித்து பீரோவில் வைத்துவிட்டு, ஸ்கூல் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்துவிட்டாள். பெற்றவள் வாயிலிருந்து வரக் கூடாத வார்த்தை. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

விஷயம் இதுதான். அவள் ஜாதகத்தில் லக்னத்துக்கு ஏழாம் வீட்டில் செவ்வாய். மூன்று இடம் அதனாலேயே நின்று போயிற்று. மூன்றாவது இடத்தில் பையனுக்கும் இவளுக்கும் பிடித்திருந்தது. பையனின் அம்மாதான், "மற்றதெல்லாம் திருப்தி, செவ்வாய் இருக்கே" என்று ஜாதகத்தைத் திருப்பி அனுப்பினார்.

"ஒரு தடவை வைத்தீசுவரன் கோயிலுக்குப் போய்விட்டு வா. அப்படியே நாடியும் பார்த்துவிடு" என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் பெண்ணும் மட்டும் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில், கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் வண்டி ஏறினோம். சிதம்பரம் தாண்டி, கொள்ளிடம் பாலத்தைக் கடந்தால் இரண்டு பக்கமும் பச்சைப் பசேல் என்று வயல். திருஞானசம்பந்தர் பிறந்த சீர்காழிக்கு அடுத்து வைத்தீசுவரன் கோயில் ஸ்டேஷன். முன்பு நாகப்பட்டினம் மாவட்டம். 2020லிருந்து மயிலாடுதுறை மாவட்டம்.

ஊரின் பழைய பெயர் புள்ளிருக்குவேளூர். புள் என்றால் பறவை, அதாவது ஜடாயு. இருக்கு என்றால் ரிக் வேதம். வேள் என்றால் முருகன். ஊர் என்பது சூரியனாம். நால்வரும் வந்து பூஜித்த தலம் என்பது ஐதீகம். சுவாமி வைத்தியநாதர், அம்பாள் தையல்நாயகி, கையில் மருந்துத் தைலத்துடன் இருப்பதாகச் சொல்வார்கள். முருகன் இங்கே செல்வமுத்துக்குமாரசுவாமி. தல விருட்சம் வேம்பு. தருமபுரம் ஆதீனத்தின் நிர்வாகத்தில் உள்ள கோயில்.

சித்தாமிர்த தீர்த்தத்தில் வெல்லம் கரைத்தோம். உப்பும் மிளகும் காணிக்கை போட்டோம். திருச்சாந்து உருண்டை வாங்கிக்கொண்டோம். அங்காரகன் சந்நிதியில் என்னைப் போலவே பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்த அம்மாக்கள் ஏழெட்டுப் பேர், கையில் சிவப்புத் துணியும் துவரையுமாக நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததுமே புரிந்துவிட்டது. யாரும் யாரிடமும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

அங்காரகனே தோல் நோயால் அவதிப்பட்டு இந்த வைத்தியநாதரிடம் வந்து குணமானார் என்பது தல புராணம். என் பெண் மெதுவாக, "ஏம்மா, நாம பயப்படற செவ்வாயே இங்கே பேஷன்ட்டாத்தான் வந்திருக்கார் போல" என்றாள். பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்த்தேன்.

கோயிலை விட்டு வெளியே வந்தால் தெருவெங்கும் நாடி ஜோதிட போர்டுகள்தான். வாசலிலேயே நாலு பேர் வழி மறித்து அழைத்தார்கள். ஓர் இடத்தில் நுழைந்தோம். ஆணுக்கு வலது கட்டைவிரல், பெண்ணுக்கு இடது கட்டைவிரல். மை ஒற்றி ரேகை எடுத்துக்கொண்டு காத்திருக்கச் சொன்னார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஒருவர் ஓலைக் கட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

ஓர் ஏட்டைப் புரட்டுவார். ஒரு கேள்வி கேட்பார். "தகப்பனார் அரசாங்க உத்தியோகமா? கூடப் பிறந்தது ஒருவரா? தாயார் பெயரில் தெய்வத்தின் பெயர் வருமா?" நாம் ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டும். இல்லை என்றால் அந்த ஏடு நம்முடையது அல்ல, அடுத்த ஏடு. "கல்யாணம் தள்ளிப் போகுதா?" என்றதும் நான் அடக்க முடியாமல், "ஆமாங்க, ஏழில் செவ்வாய்னு சொல்றாங்க" என்று கொட்டிவிட்டேன்.

கடைசியில் ஓர் ஏடு கிடைத்தது. அகத்தியர் அருளியது என்று சொல்லி ராகம் போட்டுப் படித்தார். அம்மா பெயர், அப்பா உத்தியோகம், தம்பி ஒருவன், ஏழில் செவ்வாய் எல்லாம் வந்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏழாம் காண்டம் திருமணம், பதின்மூன்றாம் காண்டம் சாந்தி பரிகாரம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டணம். பரிகாரத்துக்கு அவர் சொன்ன தொகை எங்கள் வீட்டின் இரண்டு மாத மளிகைக்கு ஆகும். "வீட்டில் கேட்டுச் சொல்றேங்க" என்று எழுந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் பெண் கைக்குட்டையால் விரல் மையைத் துடைத்துக்கொண்டே, "அம்மா, நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். அவர் முப்பத்தொரு கேள்வி கேட்டார். படிச்சதுல நாம சொல்லாதது ஒண்ணுகூட இல்லை" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நம்பிப் போன இடத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை; ஆனால் அவள் சொன்னதற்கு என்னிடம் பதிலும் இல்லை.

தஞ்சாவூரில் என் நாத்தனார் இருக்கிறாள். இரண்டு நாள் அங்கே தங்குவதாக ஏற்பாடு. மயிலாடுதுறை போய் வண்டி மாறினால், கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர். மறுநாள் காலை நாத்தனார் எங்களை அரண்மனைக்கும், அதற்குள்ளேயே இருக்கும் சரசுவதி மகால் நூலகத்துக்கும் அழைத்துப் போனாள். நாயக்கர் காலத்தில் தொடங்கி, 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் வளர்த்த நூலகம். 1918இல் பொது நூலகமாயிற்று. உள்ளேயுள்ள காட்சிக்கூடத்தில் ஓலைச்சுவடிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

முந்தின நாள்தான் ஓலையைப் பார்த்திருந்ததால் எனக்கு ஆவல். குனிந்து பார்த்தால் ஓர் எழுத்துக்கும் புள்ளி இல்லை! எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப் போகும் என்று புள்ளி வைக்காமலே எழுதிவிடுவார்களாம். அது 'க'வா 'க்'கா என்று படிக்கிறவர்தான் இடம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓலை எத்தனை பத்திரமாக வைத்தாலும் முன்னூறு, நானூறு வருஷத்துக்கு மேல் தாங்குவது அரிது. அதற்குள் இன்னொருவர் பார்த்துப் பிரதி எடுக்க வேண்டும். பிரதிக்குப் பிரதி பிழை சேரும்.

மயிலாடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட உ.வே. சாமிநாதையர், 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிடுவதற்கு முன் ஊர் ஊராகப் பல சுவடிகளைத் தேடி, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுத்தான் சரியான பாடம் எது என்று முடிவு செய்தார். இதைப் பெண்தான் எனக்கு எடுத்துச் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்று, "அம்மா, என் ஜாதகமும் யாரோ பார்த்து எழுதினதுதானே? எதைப் பார்த்து எழுதினாங்க?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் பிறந்தபோது நான் அரை மயக்கத்தில் இருந்தேன். விடியற்காலை என்று மட்டும் தெரியும். கடிகாரத்தை யார் பார்த்தார்கள்? நர்ஸ் வெளியே வந்து நேரத்தைச் சொல்ல, வராந்தாவில் நின்றிருந்த என் மாமனார் தன் பாக்கெட் நோட்டில் குறித்துக்கொண்டார். அந்த நோட்டைப் பார்த்துத்தான் எங்கள் ஜோசியர் 4 மணி 30 நிமிஷம் என்று ஜாதகம் கணித்தார். "அந்த நோட்டு இங்கேதான் இருக்கு அண்ணி. அப்பாவோட சாமான் எல்லாம் பரண்மேல் பெட்டியிலே வெச்சிருக்கேன்" என்றாள் நாத்தனார்.

அன்று சாயந்திரமே பெட்டியை இறக்கினோம். மாமனாரின் எழுத்து பொடிப் பொடியாக, இடமே விடாமல் நெருக்கமாக இருக்கும். இப்படி எழுதுகிறவர்கள் கஞ்சர்கள் என்றும், எழுத்து மேல்நோக்கிப் போனால் முன்னுக்கு வருவார்கள் என்றும் பலன் சொல்வார்கள். மனோதத்துவ நிபுணர்கள் சோதித்துப் பார்த்தவரை, கையெழுத்தைக் கொண்டு குணம் சொல்வது தேறவில்லை என்றே படித்திருக்கிறேன். என் மாமனாரே அதற்குச் சாட்சி. பேப்பர் கிடைக்காத காலத்தில் படித்தவர் என்பதால் எழுத்துதான் சிக்கனம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டிய கை அது. ஆனால் எழுதியவர் யார், அவர் எந்த எழுத்தை எப்படிச் சுழிப்பார் என்பதைக் கையெழுத்து காட்டிக் கொடுத்துவிடும். கோர்ட்டில் நிபுணர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதும் அதைத்தான்.

பெண் பிறந்த தேதிப் பக்கம் வந்தது. "பெண் குழந்தை. காலை 4.30" என்றுதான் எனக்கும் தெரிந்தது. என் பெண் நோட்டைக் கையில் வாங்கி, எதிர்ப் பக்கத்து வீட்டுக் கணக்கைப் பார்த்தாள். காய் 12, மண்ணெண்ணெய் 13, பால் பாக்கி 23, ஆக மொத்தம் 32 என்று இருந்தது. "கூட்டல் தப்பா இருக்கே! தாத்தா கணக்குல தப்பு விடவே மாட்டாரே" என்றாள். நாத்தனார் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அது மூணு இல்லைடி, அஞ்சு! அப்பா பேனாவை எடுக்காமலே அஞ்சு போடுவார்." பன்னிரண்டும் பதினைந்தும் இருபத்தைந்தும் ஐம்பத்திரண்டு. கணக்குச் சரியாக வந்துவிட்டது. அப்படியானால் 4.30 அல்ல, 4.50!

இருபது நிமிஷத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைப்பீர்கள். ராசி இரண்டே கால் நாளைக்கு ஒருமுறைதான் மாறும்; லக்னமோ ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒன்று. எங்கள் ஜோசியரிடம் போனில் கேட்டோம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இவள் பிறந்த அன்று அந்த இருபது நிமிஷத்துக்குள்தான் லக்னம் அடுத்த வீட்டுக்கு மாறுகிறது என்றார். ஏழாம் வீட்டுச் செவ்வாய் ஆறாம் வீட்டுக்குப் போய்விட்டது. சந்திரன், சுக்கிரன் இருக்கிற இடத்திலிருந்து எண்ணினாலும் தோஷக் கணக்கில் வரவில்லையாம்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெண்ணோ, "பாவம் அகத்தியர்! அவரும் தாத்தாவோட அஞ்சை மூணுன்னுதான் படிச்சிருக்கார்" என்றாள். நாத்தனாருக்குச் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று.

நான் உடனே அவருக்குப் போன் போட்டு, அந்த மூன்றாவது வரன் வீட்டுக்குத் தகவல் சொல்லச் சொன்னேன். பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்மா. இரண்டு, நாலு, ஏழு, எட்டு, பன்னிரண்டு. பன்னிரண்டு வீட்டுல அஞ்சு வீடு தோஷம். லக்னத்துக்கு மட்டும் பார்த்தாலே நூறு பேர்ல நாற்பது பேருக்கு இருக்கும். அது நிஜமாவே நாலு முப்பதா இருந்திருந்தா நான் வேற பெண்ணா ஆகியிருப்பேனா? நீ என்னை வேற மாதிரி வளர்த்திருப்பியா?" என்றாள்.

வாயடைத்துப் போனேன். இருபத்துநாலு வருஷம் பக்கத்தில் வைத்து வளர்த்த பெண்ணைப் பற்றி, ஓர் எண் சொன்னதை நம்பி, என் வாயாலேயே தலையெழுத்து என்றேன். "தப்புதான்டி. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் தோளில் சாய்ந்துகொண்டாள். அந்த வீட்டுக்கு நாங்கள் தகவல் சொல்லவில்லை. இனி வருகிறவர்கள் பெண்ணைப் பார்க்கட்டும், பேசட்டும், பிறகு வேண்டுமானால் ஜாதகம் பார்க்கட்டும் என்று அவரும் நானும் தீர்மானித்துவிட்டோம்.

வைத்தீசுவரன் கோயிலுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். குளிரக் குளிர தரிசனம் செய்துவிட்டு வாருங்கள். மனக் கவலைக்கு அந்த வைத்தியநாதரும் தையல்நாயகியும் நல்ல மருந்து. அப்படியே தஞ்சாவூருக்கும் போய் ஓலைச்சுவடிகளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

புதிதாகக் குழந்தை பெற்ற தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பிறந்த நேரத்தை எண்ணால் மட்டும் குறிக்காதீர்கள். காலையா மாலையா என்று சேர்த்து, எழுத்தாலும் எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கணித்து வந்த ஜாதகத்தை அதோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஊருக்குக் கிளம்புமுன் மாமனாரின் நோட்டில், அவர் எழுதிய வரிக்குக் கீழே, "அதிகாலை நாலு மணி ஐம்பது நிமிஷம்" என்று நானும் எழுதி வைத்தேன். என் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, உன் கையெழுத்தும் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.