பானையில் ஒரு பேர்

மதுரையிலிருந்து சுமார் 12 கிலோ மீட்டர்தான் கீழடி. ஞாயிற்றுக்கிழமை, நண்பனோடு பஸ் ஏறிவிட்டேன். செட்டிநாட்டு வீடு மாதிரி தூணும் முற்றமுமாக அருங்காட்சியகம்; 2023-ல் திறந்தது. தங்க நகை இருக்கும் கண்ணாடிப் பெட்டி முன்னால் ஒரே கூட்டம். எட்டிப் பார்த்துத் தோற்றுப்போய், பானை ஓடுகள் பக்கம் ஒதுங்கினேன்.

உடைந்த ஓடு ஒன்றில் தமிழி எழுத்துக் கீறல். ‘ஆதன்’ என்று படிக்கிறார்களாம். ராஜா இல்லை, போர் இல்லை. 2,000 வருஷத்துக்கு முந்தின ஒரு மனுஷன் பேர், அவ்வளவுதான்.

‘‘பானையில எதுக்குடா பேரு?’’

‘‘பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிட்டுப் போனா திருப்பித் தரணுமில்ல!’’

சிரித்தேன். அடுத்த நிமிஷமே சுருக்கென்றது. ‘நெளிஞ்சு போச்சு, பழைய பாத்திரக்காரர் வந்தா போட்டுடும்மா’ என்று காலையில்தான் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். மூடியில் அப்பா பேர் வெட்டியிருக்கும். அப்பா போய் மூணு வருஷம்.

வாசலுக்கு ஓடிவந்து போன் போட்டேன். ‘‘அம்மா, அந்த டப்பாவைப் போட்டுடாதே!’’

‘‘நீ தெருமுனை தாண்டினதுமே எடுத்து உள்ள வெச்சுட்டேன்டா’’ என்றாள் அம்மா.