சதுரக்கோட்டுக் கொப்பியில் ஒரு மாடு

"பெரியம்மா, இது என்ன? நாயா, ஆடா?"

என் தங்கையின் மகன் கேட்ட இந்தக் கேள்வியில்தான் எனது புதிய படிப்பு தொடங்கியது. நான் கீறியிருந்தது பூனை.

அது 2022 பங்குனி மாதம். கொட்டாஞ்சேனையில் தங்கை குடும்பத்தோடு நான் இருக்கின்றேன். நாளொன்றுக்குப் பத்து, பதின்மூன்று மணித்தியாலம் என்று மின்சாரம் நின்ற காலம் அது. தங்கையின் மகனுக்கு அப்போது பதினைந்து வயது. பழைய மடிக்கணினி ஒன்றில், பிள்ளைகள் பழகும் 'ஸ்கிராட்ச்' என்ற மென்பொருளைக் கொண்டு, பாடசாலைக்காக ஒரு விளையாட்டுச் செய்துகொண்டிருந்தான். வெள்ளவத்தைக் கால்வாயில் விழும் குப்பையைப் பொறுக்கும் விளையாட்டு. அதில் ஓடித் திரிய காகம், பூனை, கபரக்கொய்யன் எல்லாம் வேண்டுமாம். அந்த உருவங்களுக்கு 'ஸ்பிரைட்' என்று பெயர் என்றான். நான் சோடாவைத்தான் நினைத்தேன். பின்னணிப் படத்தைக் குழப்பாமல், அதற்கு மேலே தனியாக அசைகின்ற சிறு உருவம்தான் ஸ்பிரைட் என்று விளங்கப்படுத்தினான்.

"நீங்க தையல் ரீச்சர்தானே, கீறித் தாங்க" என்றான்.

உண்மைதான், நான் தையல் ரீச்சராக இருந்தவள். வன்னியில் எங்கள் ஊர் நிலையத்தில் பிள்ளைகளுக்குக் குறுக்குத் தையல் பழக்கினேன். 2009 மாசியில் ஷெல் துண்டொன்று எனது வலது மணிக்கட்டைப் பிளந்தது. அந்தக் கை இப்போதும் அகப்பை பிடிக்கும், வாளி தூக்கும். ஊசி மட்டும் பிடிக்காது. அதன் பிறகு நான் ஒன்றும் கீறவில்லை, தைக்கவில்லை.

"சுடுகிற விளையாட்டென்றால் நான் கீறமாட்டேன்" என்றேன். "இதுல துவக்கே இல்ல பெரியம்மா" என்றான். கரண்ட் இல்லாததால், தங்கையின் சின்ன மகளுடைய சதுரக்கோட்டுக் கொப்பியைக் கொண்டுவந்து தந்தான். ஒரு சதுரம் ஒரு புள்ளி. 16 சதுரம் அகலம், 16 சதுரம் உயரம். எல்லாமாக 256 சதுரம். ஒவ்வொன்றையும் நிரப்பலாம் அல்லது வெறுமையாக விடலாம்.

இடது கையால் நேர்கோடு இழுக்க எனக்கு வராது. ஆனால் ஒரு சதுரத்தை நிரப்ப நேர்கோடு தேவையில்லை. கை நடுங்கினாலும் சதுரம் சதுரம்தான். துணியில் நூல் எண்ணித் தைத்த எனக்கு இது பழைய வேலைதான் என்று மெழுகுதிரி வெளிச்சத்தில் விளங்கியது.

அந்தச் சந்தோசத்தில் கீறிய பூனையைத்தான் அவன் நாயா ஆடா என்று கேட்டான்.

கிழமையில் நான்கு நாட்கள் வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற சித்திர ரீச்சர் ஒருவரின் வீட்டுக்குச் சமையலுக்குப் போகின்றேன். அடுத்த நாள் கொப்பியை அவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "பிள்ளை, இதை முழுக்கக் கறுப்பால நிரப்பிப்போட்டு எட்டத்தில வைச்சுப் பார்" என்றார். நிரப்பினேன். தெரிந்தது ஒரு உருளைக்கிழங்கு. காதும் இல்லை, வாலும் இல்லை. "உள்ளுக்குள்ள மீசை கீறி என்ன பிரயோசனம்? வெளி உருவம் பூனை எண்டு சொல்லவேணும். காதைத் தூக்கு, வாலை உடம்பை விட்டு எடு" என்றார்.

அவரின் சுவரில் கண்டிப் பக்கத்துத் தும்பறைப் பாய் ஒன்று தொங்குகின்றது. நாரால் நெய்த யானை அதில் இருக்கின்றது. பல நாள் தூசு தட்டியிருக்கின்றேன், உற்றுப் பார்த்ததில்லை. அந்த யானையில் ஒரு வளைவுகூடக் கிடையாது, எல்லாம் படிப்படியாகத்தான் போகின்றது. என்றாலும் கண்ணுக்கு யானைதான். இந்தப் பாய் நெசவை, மனிதகுலத்தின் அருவ கலாசார மரபுகளின் பிரதிநிதித்துவப் பட்டியலில் யுனெஸ்கோ 2021 இல் சேர்த்திருக்கின்றது.

இந்த வேலை எங்கள் கைவேலைக்கு அந்நியம் அல்ல என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 1984 இல் வெளிவந்த மக்கின்ரோஷ் கணினியின் சின்னங்களைச் செய்தவர் சூசன் கேர் என்ற அமெரிக்கப் பெண். நூல் எண்ணித் தைக்கும் தையலைத் தாயிடம் பழகியவர் அவர். சதுரக்கோட்டுத் தாளில் 32க்கு 32 சதுரங்களை நிரப்பித்தான் அந்தச் சின்னங்களை அமைத்தார். பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த பிகாச்சுவை உருவாக்கியவரும் ஒரு பெண்தான், ஜப்பானைச் சேர்ந்த அட்சுகோ நிஷிடா. 1996 இல் வந்த அந்த விளையாட்டு ஓடிய 'கேம் போய்' கருவியின் திரையில் நான்கே நான்கு சாயல்கள்தான் இருந்தன.

நான்கு சாயல் என்பதை எனக்குச் சொன்னவன் தங்கையின் மகன். என் இரண்டாவது பூனையில் பதினொரு நிறம் இருந்தது. "கிட்ட பாத்தா வடிவு, தூரத்துல சேறு மாதிரி இருக்கு" என்றான். நான்காகக் குறைத்தேன். பூனை தெளிந்து வந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு திருத்தம். காகத்தின் முதுகு வளைவில் மூன்று சதுரம், ஒன்று, இரண்டு என்று படிகள் தாறுமாறாக இருந்தன. மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒழுங்காக இறக்கியதும் முதுகு வழுவழுப்பானது. கபரக்கொய்யனுக்கு ஓரமெல்லாம் சுற்றி இருட்டுப் பூசியிருந்தேன். "தலையணை மாதிரிக் கிடக்கு. வெயில் எந்தப் பக்கத்தால வருகுது?" என்று ரீச்சர் கேட்டார். மேலே இடப்பக்கத்தால் வருகின்றது என்று தீர்மானித்து, வயிற்றுக்கும் வாலுக்கும் அடியில் மட்டும் இருட்டை வைத்தேன். கறுப்புக் காகத்தில் சிறகு தெரியாதபோது, ஒரு வரி சாம்பல் நிறம் போதும் என்றார். கரண்ட் வரும் நேரத்தில் 'பிஸ்கெல்' என்ற இலவச மென்பொருளில் இடது கையால் மவுஸைப் பிடித்துச் சதுரம் சதுரமாக ஏற்றினேன். ஜேபெக் ஆகச் சேமித்தால் ஓரங்கள் கலங்கிவிடும், பிஎன்ஜி ஆகச் சேமிக்க வேண்டும் என்பதையும் பிழை விட்டுத்தான் அறிந்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, அவன் கேட்காமலே நான் ஒரு மாடு கீறினேன்.

அது எங்கள் சிவலை. 2008 ஐப்பசியில் கிளிநொச்சிப் பக்கத்தில் இருந்த வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது கயிற்றை அவிழ்த்துவிட்டோம். கொஞ்சத் தூரம் பின்னாலே வந்தது, பிறகு நின்றுவிட்டது. 32க்கு 32 சதுரத்தில் இரண்டு இரவுகள் இருந்து அதைக் கீறினேன்.

அவன் பார்த்தான். "மாடு நிக்குதா, படுத்திருக்கா? கால் நாலும் ஒட்டியிருக்கு. மேசை மாதிரி இருக்கு பெரியம்மா."

நான் கொப்பியை மூடிவிட்டேன். மூன்று நாட்கள் அவனோடு சரியாகக் கதைக்கவில்லை. அவனுக்கு ஏன் என்று விளங்கவில்லை. அவன் பிறந்ததும் வளர்ந்ததும் கொட்டாஞ்சேனையில். சிவலையைப் பற்றி நான் அவனுக்குச் சொன்னதும் இல்லை.

வெள்ளவத்தையில் ரீச்சருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடனே ஆறுதல் சொல்லவில்லை. மாட்டை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "அவன் சொன்னது சரிதான். கால் பிழைதான். அவன் படத்தைத்தான் பிழை எண்டவன், உன்ரை மாட்டை இல்லை" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்தேன். 2009க்குப் பிறகு எனக்கு யாரும் பிழை சொன்னதில்லை. முகாமை விட்டு வந்த பிறகு ஒரு கைப்பணிப் பயிற்சிக்குப் போனேன். இடது கையால் நான் தைத்த கோணல் தையலை "நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு" என்று சொல்லி வாங்கினார்கள். தையல் ரீச்சருக்குக் கோணல் தெரியாதா? என் பிள்ளைகள் அப்படித் தைத்திருந்தால் பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்கச் சொல்லியிருப்பேன். இவளால் இவ்வளவுதான் முடியும், பாவம் என்று அவர்கள் நினைத்ததால்தான் நல்லாயிருக்கு என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஆனால் அன்றைக்கு நான் ஊசியை வைத்தவள்தான், பிறகு எடுக்கவில்லை. இந்தப் பொடியன் பாவம் பார்க்கவில்லை. பெரியம்மாவால் இதைவிட நன்றாகக் கீற முடியும் என்று நம்பியபடியால்தான் பிழை சொன்னான்.

அன்றிரவு அவனைக் கூப்பிட்டுச் சிவலையின் கதையைச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தால் கொப்பியை இழுத்து, "அது எப்பிடி நடக்கும்?" என்று கேட்டான். எழும்பி நடந்து காட்டினேன். தங்கை சிரித்தாள். அப்பால் பக்கத்துக் கால்கள் இரண்டையும் இருட்டுச் சாயலில் வைத்து, நடுவில் இரண்டு சதுரம் வெளி விட்டேன். கால் பிரிந்தது. இன்னொரு தாளில் கால்களை மாற்றி வைத்து, உடம்பை ஒரு சதுரம் மேலே உயர்த்தினேன். இரண்டு படங்களையும் மாறி மாறிக் காட்டியபோது சிவலை நடந்தது.

இப்போது சனிக்கிழமைகளில் பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளைகள் இருவர் கொப்பியோடு வருகின்றார்கள். அவர்களின் படத்தைப் பார்த்ததும் நான் சொல்லத் தொடங்குவதில்லை. "என்ன கீற நினைச்சனீ?" என்று முதலில் கேட்கின்றேன். சரியாக வந்த இடத்தைக் காட்டுகின்றேன். பிறகு ஒரே ஒரு பிழையை, எந்தச் சதுரம் என்று தொட்டுக் காட்டுகின்றேன். பத்துப் பிழையை ஒன்றாகச் சொன்னால் பிள்ளை கொப்பியை மூடிவிடும். ஒன்றும் சொல்லாவிட்டால் பிள்ளை வளராது.

சகோதரிகளே, இதனால் எனக்குப் பெரிய வருமானம் எதுவும் வரவில்லை. வந்ததென்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் தைத்ததையோ, சமைத்ததையோ, எழுதியதையோ எல்லோரும் நல்லாயிருக்கு என்று மட்டும் சொன்னால், உண்மை சொல்லக்கூடிய ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். கேட்ட அன்றைக்கு நோகும். மூன்று நாள் கொப்பியை மூடிவைத்தாலும் பரவாயில்லை, நாலாம் நாள் திறவுங்கள்.

போன கிழமை தங்கையின் மகன் பழைய விளையாட்டைத் திறந்து பார்த்தான். இப்போது வேலைக்குப் போகும் பிள்ளை. கால்வாய்க் கரையில் சிவலை நடந்து போனது. கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, "பெரியம்மா, வால் இன்னும் சரியில்ல" என்றான்.

கொப்பியை எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஒரு சதுரம் கூடத்தான்.