வட்டக்கச்சியில் எங்கள் வயல்

காலை ஒன்பது மணிக்கு முன்னரே நாங்கள் இருவரும் ஸ்காபரோவிலுள்ள ஒரு பெரிய கடைத்தொகுதிக்குள் சென்றுவிடுவோம். பொருள் வாங்குவதற்கு அல்ல, நடப்பதற்கு. மார்கழி முதல் பங்குனி வரை வெளியே பனியும் வழுக்கலும். எண்பது வயது எலும்பு முறிந்தால் மீண்டும் பொருந்துவது கடினம் என்று வைத்தியர் எச்சரித்திருக்கிறார். ஆகையால், இன்னும் திறவாத கடைகளின் முன்னால் மின்விளக்கு வெளிச்சத்தில் மூன்று சுற்று நடந்துவிட்டு, நடுவிலுள்ள ஆசனங்களில் போய் அமர்வோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து முதியவர்கள் ஐந்தாறு பேர் அங்கே கூடுவார்கள். ஒருவர் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இன்னொருவர் முத்தையன்கட்டுக் குடியேற்றத்தில் மிளகாய் செய்தவர். அவரை நாங்கள் முத்தையன்கட்டார் என்றே அழைப்போம். நாங்கள் இருவரும் ஆசிரியத் தொழில் செய்து ஓய்வு பெற்றவர்கள்.

பேச்சு எங்கே தொடங்கினாலும் காணியில் வந்தே நிற்கும். இரத்த அழுத்தத்தில் ஆரம்பமாகும். பேரப்பிள்ளைகள் தமிழ் பேச மறுப்பதைப் பற்றிச் சற்று நேரம் போகும். முதல்நாள் வானொலியில் வாசிக்கப்பட்ட மரண அறிவித்தல்களில் எவர் எவருக்கு உறவு என்று ஆராயப்படும். அதன் பிறகு, "இரணைமடுவிலை எத்தனை அடி தண்ணி நிக்குதாம்?" என்று யாராவது கேட்பார். உடனே கைத்தொலைபேசிகள் வெளியே வரும். நாங்கள் அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து அதிக தூரமில்லாமல் ஒன்ராறியோ ஏரி கடலென விரிந்து கிடக்கிறது; அத்தனையும் நன்னீர். இருபத்தைந்து ஆண்டுகளில் அந்த ஏரியில் எத்தனை அடி தண்ணீர் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

"நிலத்தைப் பறிகுடுத்த சனங்கள் நாங்கள்" என்று முத்தையன்கட்டார் பெருமூச்சு விடுவார். நாங்களும் தலையசைப்போம். ஆண்டுக்கணக்காக அவ்வாறு தலையசைத்தோம். அந்தத் தலையசைப்பில் ஒரு பொய் இருந்தது. ஊரில் எத்தனையோ பேருடைய நிலம் உண்மையாகவே பறிபோயிற்று. ஆனால் எங்கள் நிலத்தை எவரும் பறிக்கவில்லை. இன்றும் அது எங்கள் பெயரில்தான் இருக்கிறது. போகந்தோறும் அதில் நெல் விளைகிறது. அந்த நெல்லை விதைப்பவர் எங்கள் சுற்றத்தார் அல்லர்.

அந்தக் காணி எங்களுக்கு வந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும். கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை 1902இல் தொடங்கி 1920இல் நிறைவேறியது. குடாநாட்டில் நிலம் போதாமல் நெருக்குண்டவர்களைக் குடியேற்றுவதற்கென்று பின்னர் குளத்தின் கீழ்க் குடியேற்றங்கள் அமைந்தன. காணியற்ற விவசாயிக்கு அரசாங்கக் காணி வழங்க 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வழி செய்தது. 1950களில் எங்களில் ஒருவரின் தகப்பனார், வடமராட்சியில் பிறர் நிலத்தில் புகையிலை நட்டுக் கடனாளியாகிப் போனவர், காணிக்கச்சேரியில் வரிசையில் நின்று வட்டக்கச்சியில் மூன்று ஏக்கர் வயலுக்கும் ஒரு மேட்டுத்துண்டுக்கும் உத்தரவுப் பத்திரம் பெற்றார். 'பேமிற்' என்பதே ஊர்வழக்கு. பாலையையும் முதிரையையும் வீழ்த்தி, வேர் கிளப்பி, காய்ச்சலில் கிடந்து எழுந்து, யானைக்கும் பன்றிக்கும் இரவிரவாகக் காவலிருந்து அந்த மனிதர் காட்டை வயலாக்கினார். அந்த நிலத்தின் மேல் அவருக்கிருந்த உரிமையைப் பற்றி எங்களுக்கு ஐயமில்லை.

அந்தப் பத்திரத்தில் நிபந்தனைகள் இருந்தன. உரியவர் தாமே குடியிருந்து செய்கை பண்ண வேண்டும், அதிகாரியின் அனுமதியின்றிக் குத்தகைக்கு விடலாகாது, துண்டாடலாகாது. வட்டிக்காரனும் நிலப்பிரபுவும் ஏழைக் குடியேற்றவாசியின் காணியை விழுங்கிவிடாதிருக்கவே இந்த வேலி. ஆனால் எங்கள் போன்ற குடும்பங்களில் காரியம் வேறுவிதமாக நடந்தது. கமக்காரன் தன் பிள்ளைகளைப் படிப்பித்தான். பிள்ளைகள் உத்தியோகம் பார்த்தார்கள். பத்திரம் பிள்ளைகளிடம் வந்தது, மண்வெட்டி வரவில்லை.

1970க்குப் பின் அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வன்னியில் பணம் புரண்டது. வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. அதே காலத்தில் தோட்டங்களில் பஞ்சம்; மலையக மக்கள் வன்னிக்கு இறங்கத் தொடங்கியிருந்தார்கள். 1977 ஆவணி வன்செயல்களின் பின் அவர்கள் பெருந்தொகையாக வந்தார்கள். பாரதிபுரம், மலையாளபுரம் ஆகிய பெயர்களைக் கேட்டாலே அந்த வருகை நினைவுக்கு வரும். அவ்வாறு வந்த ஒரு குடும்பத்துக்கு எங்கள் மேட்டுத்துண்டின் மூலையில் கொட்டில் போட இடம் கொடுத்தோம். அவருக்கு அப்போது இருபத்தைந்து வயது. கையில் ஒரு தகரப்பெட்டி. மனைவியின் இடுப்பில் ஒரு குழந்தை. இரக்கத்தால் கொடுத்தோம் என்றே நெடுங்காலம் சொல்லி வந்தோம். இரக்கமும் இருந்தது; இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வருடம் எங்களுக்கு மிளகாய் ஆய ஆள் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும் அன்றோ?

முதலில் கூலி, பின்னர் வாரம், பின்னர் குத்தகை. குத்தகையை ஒருநாளும் எழுத்தில் வைக்கவில்லை. எழுதினால் பத்திரத்தின் நிபந்தனை மீறப்பட்டதாகும். எங்கள் உரிமைக்கு ஆபத்து. ஆகவே எல்லாம் வாய்ச்சொல்லிலேயே நடந்தது. இதில் ஒரு கேலியுண்டு. ஆசிரிய நண்பர்கள் இதை நன்றாக உணர்வார்கள். பிலிப் குணவர்த்தனா கொண்டுவந்த 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தை நாங்கள் வகுப்பில் உற்சாகத்தோடு கற்பித்தவர்கள். உழுபவனை நிலத்திலிருந்து வெளியேற்றுதல் கூடாது என்று கரும்பலகையில் எழுதினோம். பள்ளி விட்டு வீடு திரும்பும் வழியில் எங்கள் வயலில் ஒருவர் உழுதுகொண்டு நிற்பார். அவருடைய பெயர் எந்த இடாப்பிலும் இல்லை.

அவர் பிறந்த 1952ஆம் ஆண்டிலேயே அவர் நாடற்றவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவருடைய பெற்றோரை அப்படி ஆக்கியிருந்தது. 1964இல் இரண்டு பிரதமர்கள் கையொப்பமிட்டு 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோது, அவர் குடும்பத்தில் அண்ணன் அங்கே போனார். இவர் எந்தப் பட்டியலிலும் உறுதியாகச் சேராமல் இங்கே நின்றார். குடியுரிமை இல்லாதவருக்கு அரசாங்கக் காணி எங்கே கிடைக்கும்?

1996இல் இராணுவம் கிளிநொச்சியைக் கைப்பற்றிய வேளையில் நாங்கள் இடம்பெயர்ந்து வவுனியா வழியாகக் கொழும்பு சேர்ந்தோம். 1999 சித்திரையில் மகன் பொறுப்பெடுத்துக் கனடாவுக்கு அழைத்தான். வந்து நான்கு ஆண்டுகள் கழிந்து, 2003இல், ஒரு மண்டபத்தில் வலக்கையை உயர்த்திச் சத்தியம் செய்து கனடாக் குடிகளானோம். சிற்றுண்டியும் சிறு கொடியும் தந்தார்கள். இலங்கைச் சட்டப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றவர், இரட்டைக் குடியுரிமை கோரிப் பெற்றாலன்றி, இலங்கைக் குடி அல்லர். நாங்கள் கோரவில்லை. அதே 2003ஆம் ஆண்டிலேதான் இலங்கை நாடாளுமன்றம் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை இயற்றியது. அவர் இலங்கைப் பிரசையானார். காணி எங்கள் பெயரில் இருந்தது. இந்த இரண்டையும் ஒன்றின் பக்கத்தில் மற்றதை வைத்துப் பார்க்க எங்களுக்குப் பல ஆண்டுகள் சென்றன.

பத்தாண்டு வசித்தவருக்கே கனடாவில் முதியோர் உதவிப்பணம் கிடைக்கும். அதுவரை பெற்றோர் பிள்ளையின் கையைப் பார்த்திருக்க வேண்டியவர்கள். கீழ்த்தள அறையில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு அந்தப் பத்தாண்டைக் கடந்தோம். 2009 வைகாசியில் முதற்பணம் வந்தது. அந்த வாரங்களில் அவரும் மனைவியும் பிள்ளைகளும் முள்ளிவாய்க்கால் மணலில் பதுங்குகுழிக்குள் கிடந்தார்கள். மூத்தவன், தகரப்பெட்டியோடு வந்த நாளில் இடுப்பிலிருந்த அந்தக் குழந்தை, அங்கேயே போய்விட்டான். மற்றவர்கள் மனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் இருந்து, 2010இல் வட்டக்கச்சிக்குத் திரும்பினார்கள். திரும்பியதும் அவர் செய்த முதல் வேலை, பற்றைக்குள் மறைந்து கிடந்த எங்கள் எல்லைக்கல்லைத் தேடிக் கண்டுபிடித்ததுதான். அண்டைக் காணிக்காரர் ஒரு முழம் உள்ளே வந்துவிடாதபடி தாமே கதியால் போட்டார். பிறகு எங்களுக்குத் தொலைபேசியில் சொன்னார்: "ஐயா, ஒங்க எல்ல பத்திரமா இருக்குதுங்க."

2017இல் கேப்பாப்புலவு மக்கள் படைமுகாமின் வாசலில் இரவு பகலாகக் குந்தியிருந்து தங்கள் நிலத்தைக் கேட்டார்கள். அது நீதியான போராட்டம். அவர்களுக்கு ஆதரவாக இங்கே நாங்களும் குளிரில் பதாகை பிடித்து நின்றோம். அன்றிரவே அவர் பேசினார். போருக்குப் பின் வந்த வீட்டுத் திட்டங்களில் அயலில் பலருக்குக் கல்வீடு எழும்பியது. அவருக்கு மட்டும் இன்னும் தகரக்கொட்டில். காணிப் பத்திரம் காட்டாதவருக்கு வீடு இல்லை. ஏதாவது ஒரு கடிதம் தர முடியுமா என்று கேட்டார். மகனிடம் கேட்டோம். "அவசரப்படாதையுங்கோ அப்பா. கடிதம் குடுத்தால் பிறகு எழுப்பேலாது. காணி விலை ஏறுது" என்றான். அவன் கொடியவன் அல்லன். இங்கே வீட்டுக்கடனில் மூழ்கிக் கிடப்பவன். நாங்கள் "பாப்பம்" என்றோம். எட்டு ஆண்டுகள் பார்த்தோம். பதாகை இன்னும் கீழ்த்தள அறையின் மூலையில் சாத்திக் கிடக்கிறது.

2024 தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். கட்டுநாயக்காவில் வெளிநாட்டவர் வரிசையில் நின்று, சுற்றுலாப் பயணிகளாக முப்பது நாள் அனுமதி பெற்று உள்ளே சென்றோம். வயல் பசேலென்று நின்றது. வரம்பில் நடக்க முயன்று எங்களில் ஒருவர் சேற்றில் கால் வழுக்கி விழப் பார்க்க, அவர் பிடித்துக்கொண்டார். அந்தக் கையின் காய்ப்பை அன்றுதான் முதன்முதலாகத் தொட்டோம். சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. ஆளுக்கு எத்தனை ஏக்கர் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் பிரிப்பார்கள். அங்கே எங்கள் பெயரை வாசிக்கும்போது தாம் எழுந்து நிற்பதாகச் சொல்லிச் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. தேநீரைக் கையில் தந்துவிட்டு, "எங்க காலம் போயிருச்சுங்கம்மா. எங்களுக்குப் பொறவு புள்ளைங்கள யாரும் எழுப்ப மாட்டாங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்றார். எங்களில் எவருக்கும் உடனே வாய் எழவில்லை.

திரும்பி வந்து சட்டத்தைத் தேடிப் படித்தோம். பத்திரக்காரர் தமக்குப் பின்னுரிமையாளராக வாழ்க்கைத்துணையையோ குறித்த உறவினரையோதான் நியமிக்கலாம். பிறரை நியமிக்க இயலாது. 2022இல் வந்த திருத்தம் பின்னுரிமையில் ஆண்பிள்ளைக்கு இருந்த முதன்மையை நீக்கியது, வரவேற்கத்தக்க காரியம். ஆனால் அதுவும் உறவின் வேலிக்குள்ளேதான். நாற்பத்தேழு ஆண்டுகள் உழுதவர் உறவல்லர். காணியை அரசாங்கத்திடம் ஒப்படைத்து, உழுபவருக்கே வழங்குமாறு கேட்கலாம். அப்படியே வழங்குவார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஒப்படைத்தபின் வேறொருவர் கைக்குப் போனால், கொட்டிலும் போய்விடும். இந்தக் கவலை நியாயமானதே. ஆனால் கையைக் கட்டிக்கொண்டிருப்பதற்கு அது எவ்வளவு வசதியான கவலை என்பதையும் கண்டுகொண்டோம்.

ஆகையால் சென்ற கார்த்திகையில் கடிதம் எழுத அமர்ந்தோம். ஒப்படைக்கவில்லை, அவருக்கு மாற்றித் தரச் சம்மதம் என்றும், இத்தனை ஆண்டுகளாக அவரே குடியிருந்து செய்கை பண்ணுகிறார் என்றும், குத்தகை வாங்கியது எங்கள் தவறு என்றும், எங்கள் பத்திரம் ரத்தானாலும் அவருடைய குடியிருப்பைக் காக்கவேண்டும் என்றும் எழுதினோம். மகனுக்கு வாசித்துக் காட்டினோம். அவன் நெடுநேரம் பேசாதிருந்து, "உங்கடை விருப்பம்" என்று சொல்லி மேலே போனான். கையொப்பம் இட்டோம். 'செய்கை பண்ணுபவரின் முழுப் பெயர்' என்ற இடம் வந்தது.

எங்களுக்கு அது தெரியவில்லை. அவரைக் கூப்பிட்ட குறுகிய பெயர் தெரியும். தகப்பன் பெயர் தெரியாது. அடையாள அட்டையில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியாது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளி இடாப்புகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பெயரையும் தகப்பன் பெயரையும் எழுதியவர்கள் நாங்கள். அவருடைய பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கு வரவில்லை. வயலுக்குத்தான் வந்தார்கள்.

தொலைபேசியில் கூப்பிட்டோம். அங்கே விடியற்காலை, மழை பெய்யும் சத்தம் கேட்டது. விதைத்து இருபது நாள் என்றார். பெயரைக் கேட்டோம். "எதுக்குங்க ஐயா?" என்றார். சொன்னோம். சற்று நேரம் மழைச் சத்தம் மட்டுமே வந்தது. பிறகு, "இருங்கய்யா, அட்டையப் பாத்துச் சொல்றேன். தப்பா எழுதிட்டா மறுபடியும் அலைய வேண்டியிருக்கும்" என்று சொல்லி, தகரப்பெட்டியைத் திறக்கும்படி மனைவியைக் கூப்பிட்டார்.