வித்தவன் பேரு என்ன?

ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பூந்தமல்லி கோர்ட்டுக்கு அருகில் உள்ள என் அலுவலகத்துக்கு ஒரு கட்டு கான்ட்ராக்ட் நோட்டோடு வந்தார். டெலிகிராம் குரூப்பில் வந்த டிப்ஸ், சில ரூபாய்க்குக் கிடைத்த பங்கு, தினமும் விலை ஏறி அப்பர் சர்க்யூட். இவர் பி.எஃப். பணத்தைப் போட்டதும் விலை விழுந்து லோயர் சர்க்யூட். விற்க ஆர்டர் போட்டால் வாங்க ஆளில்லை.

“வித்தவன் பேரு இதுல இருக்குமே சார்?”

ஆர்டர் எண், டிரேட் எண், நொடி வரைக்கும் நேரம் எல்லாம் இருந்தன. விற்றவர் பெயருக்கு மட்டும் கட்டமே இல்லை. சந்தையில் வாங்குபவரையும் விற்பவரையும் கம்ப்யூட்டர்தான் பொருத்துகிறது. யார் யாரிடம் விற்றார் என்பது எக்ஸ்சேஞ்சுக்கும் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபிக்கும் தெரியும், ஏமாந்தவருக்குத் தெரியாது.

போலீஸில் மோசடி வழக்குப் போடலாம், யார்மேல் போடுவது? 1997-இன் தமிழ்நாடு டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டம் (டி.என்.பி.ஐ.டி.) டெபாசிட்டுக்குத்தான், சொந்த டீமேட்டில் தானே வாங்கிய பங்குக்குப் பொருந்தாது. செபி விசாரிக்க வேண்டிய விஷயத்தில் சிவில் கோர்ட்டுக்குப் போக செபி சட்டத்தின் 15ஒய் பிரிவு குறுக்கே நிற்கிறது. செபியே புகார் கொடுக்காமல் அந்தச் சட்டப்படியான குற்றத்தை எந்த நீதிமன்றமும் விசாரணைக்கு எடுக்க முடியாது என்கிறது 26ஆம் பிரிவு. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி, அதுவும் மும்பையில்.

அந்தச் சாவி திரும்பும் வேகத்துக்கு சாத்னா பிராட்காஸ்ட் விவகாரத்தைப் பார்க்கலாம். 2022 ஜூலையில் யூடியூபில் அந்த நிறுவனப் பங்கைப் பற்றிப் பொய் வீடியோக்கள் வந்தன. சிறு பங்குதாரர்கள் 2,167 பேரிலிருந்து 55,343 பேராகப் பெருகினார்கள். இடைக்கால உத்தரவு 2023 மார்ச்சில், இறுதி உத்தரவு 2025 மே மாதத்தில். சுமார் 58 கோடி ரூபாயைத் திருப்பிக் கட்டச் சொன்னது செபி. அப்படிக் கட்டும் பணம் 11(5) பிரிவின்படி முதலீட்டாளர் பாதுகாப்பு மற்றும் கல்வி நிதிக்குப் போகும். இழந்தவர் கைக்குத் தானாக வராது.

பிரித்துக் கொடுக்கவே முடியாது என்றில்லை. 2003–05 ஐ.பி.ஓ. முறைகேட்டில் ஈடுபட்டவர்களிடம் பறித்த பணத்தை, பங்கு ஒதுக்கீடு கிடைக்காமல் போனவர்களுக்கு 2010-இல் கொடுத்தார்கள். பென்னி ஸ்டாக்கில் இது இன்னும் சுலபம் என்பது என் கட்சி. எந்த விற்பனை எந்த வாங்கலோடு பொருந்தியது என்று டிரேட் எண்ணே சொல்லிவிடுமே! அதையே கோரி மனு எழுதினேன்.

கையெழுத்துப் போடுமுன், “எவ்ளோ நாள் ஆவும் சார்?” என்றார். சாத்னா தேதிகளைச் சொன்னேன்.

“அப்ப என் பொண்ணு பேரையும் சேத்துடுங்க.”