நனைந்த சாக்கு

தீபாவளிக்கு முன்னால் தீயணைப்புத் துறையினர் பள்ளிகளுக்கு வந்து செய்முறை விளக்கம் காட்டுவது வழக்கம். எங்கள் பகுதிப் பள்ளியில் இந்த முறை பிள்ளைகளை வேடிக்கை பார்க்க விடாமல், அவர்களையே செய்ய வைத்தார்கள். அதுதான் சரி.

சிலிண்டர் வாயில் தீ எரிகிறது. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஈரச் சாக்கின் மேல்விளிம்பைக் கைமேல் மடித்துக் கேடயம்போல் முன்னால் பிடித்தபடி போய்ப் போர்த்தினாள். அணைந்தது. எல்லோரும் கைதட்ட, வீரர் மட்டும் தட்டவில்லை. "வால்வை மூடும்மா. இல்லேன்னா கேஸ் வந்துக்கிட்டேதான் இருக்கும்."

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவு, ஜன்னலைத் திறக்க வேண்டும். நம்மில் பலர் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடத்தான் ஓடுவோம். (எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றுகிற மகாராசர்களும் உண்டு. மூடியைப் போட்டு அடுப்பை அணைத்தால் போதும்.)

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். அதன்பின் கீற்றுக்கூரைகளைப் பற்றி நிறையப் பேசினோம். புகைக்குள் குனிந்து தவழ்ந்து வெளியேறப் பிள்ளைகளைப் பழக்குவதைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை என்பது என் எண்ணம்.

1944 ஏப்ரல் 14 பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிர்விட்ட தீயணைப்பு வீரர்கள் நினைவாக ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். உங்கள் குடியிருப்புச் சங்கத்தினர் அந்த வாரத்தில் செய்முறை விளக்கம் காட்டும்படி பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் இப்போதே கேட்டு வைக்கலாம். வீட்டு ஆண்களையும் கூட்டி வாருங்கள்.